காதுல பாட்காஸ்ட், இடுப்புல குழந்தை: வாசகர் கேள்வி பதில்

பேரன்டிங் பாட்காஸ்ட், அதான் புள்ள வளப்பு பத்தி போன்ல கேக்குற ஆடியோ நிகழ்ச்சி, அத கேக்குறவங்க உங்க சந்தேகத்த எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல சொன்னாலும் சொன்னோம், மெயில் குவிஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். பேர் போடாதீங்கன்னு நெறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

அக்கா, எனக்கு மூணு வயசு பையன். பாத்திரம் கழுவும்போது 'குட் இன்சைட்' கேப்பேன், அந்தம்மா பேசுறத கேட்டா மனசுக்கு அவ்ளோ அமைதியா இருக்கும். ஹெட்செட்ட கழட்டுன கொஞ்ச நேரத்துல இவன் தயிர் கிண்ணத்த கவுத்துடுவான், நான் காட்டுக் கத்து கத்திடுவேன். ராத்திரி படுத்தா நான்தான் இவன கெடுக்குறேனோன்னு அழுகையா வருது. கேக்குறதயே விட்டுடவா? (கோயம்புத்தூர்)

விட வேணாம் தங்கச்சி. அந்த பாட்காஸ்ட் நடத்துற பெக்கி கென்னடி நியூயார்க்ல இருக்குற சைக்காலஜிஸ்ட், மூணு புள்ளைங்களுக்கு அம்மா. 2023ல டெட்ங்குற பேச்சு மேடைல பேசுனாங்களே, அதுல எடுத்த எடுப்புல சொன்னதே சமையக்கட்டுல நின்னு தன் பையன்கிட்ட கத்துன கதைதான். கத்தவே கூடாதுங்குறது அவங்க பேச்சோட சாரம் இல்ல, கத்துனதுக்கு அப்புறம் திரும்பிப் போய் என்ன சொல்றீங்கங்குறதுதான் சாரம். 'ரிப்பேர்'னு அதுக்குத்தான் சொல்றாங்க. நீங்க அமைதியான குரல மட்டும் காதுல வாங்கிட்டு இந்தப் பகுதிய விட்டுட்டீங்கன்னு நெனைக்கிறேன்.

இதுக்குப் பின்னாடி பழைய ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 1970கள்ல எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், கொஞ்சி வெளையாடிட்டு இருக்குற அம்மாவ திடீர்னு மொகத்துல எந்த அசைவும் இல்லாம ரெண்டு மூணு நிமிஷம் உக்காரச் சொல்லுவார். குழந்தை மொதல்ல சிரிச்சுப் பாக்கும், கையக் காட்டும், கீச்சுன்னு சத்தம் போடும், ஒண்ணும் நடக்கலன்னா ஓன்னு அழுதுடும். அம்மா மறுபடி சிரிச்சு தூக்குனதும் கொஞ்சங் கொஞ்சமா சரியாயிடும். அப்புறம் அவர் கணக்கெடுத்துப் பாத்தப்ப இன்னொன்னும் தெரிஞ்சுது, நல்லா ஒட்டி இருக்குற அம்மாவும் குழந்தையும்கூட சுமார் 30 சதவீத நேரம்தான் ஒருத்தருக்கொருத்தர் சரியா பொருந்திப் போறாங்களாம். மிச்ச நேரம் பூரா வெலகுறதும் திரும்பி வந்து ஒட்டுறதும்தான். அத வெச்சுப் பாத்தா உங்க வீடு ரொம்ப சாதாரணமான வீடு.

இன்னும் பழசு வேணும்னா, டொனால்ட் வின்னிகாட்னு ஒரு இங்கிலாந்து குழந்தை டாக்டர். 1940கள்லயே பிபிசி ரேடியோவுல அம்மாக்களுக்குன்னு பேசுனவர், இப்ப வர்ற பாட்காஸ்ட்டுக்கெல்லாம் தாத்தான்னு வெச்சுக்கங்க. இதப் பண்ணு அதப் பண்ணுன்னு நான் சொல்லப் போறதில்லன்னு சொல்ற ஆளு. குழந்தைக்கு குறையே இல்லாத அம்மா தேவையில்ல, போதுமான அளவுக்கு நல்ல அம்மா இருந்தா போதும்னு சொன்னதும் அவர்தான்.

இப்ப தயிருக்கு வருவோம். உங்க கோவம் எறங்குனதும் அவன் உயரத்துக்கு உக்காந்து, "அம்மா ரொம்ப சத்தமா கத்திட்டேன்ல, பயந்துட்டியா? கத்துனது அம்மா தப்பு"ன்னு சொல்லுங்க. அதோட நிறுத்தணும். "ஆனா நீ ஏன்டா கொட்டுன"ன்னு ஒட்டு போட்டீங்கன்னா மன்னிப்பு அங்கேயே திட்டா மாறிடும். அப்புறம் அவன் கையில ஒரு துணியக் குடுத்து ரெண்டு பேரும் சேந்து தொடைங்க, மூணு வயசுப் பையன் தொடச்சா எடம் இன்னும் மோசமாத்தான் ஆகும், ஆகட்டும். அழுகைய பத்தி மட்டும் ஒண்ணு. தெனமும் தூக்கமில்ல, சாப்பாடு எறங்கல, எதுலயும் பிடிப்பில்லன்னு ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்தா அது பாட்காஸ்ட்ல தீராது, டாக்டர்கிட்ட போங்க.

இன்னும் ஒரு மாசத்துல எங்களுக்கு குழந்தை பொறக்கப் போகுது மேடம். என் மனைவி கேக்குற அமெரிக்க பாட்காஸ்ட்ல தனி ரூம், தனி தொட்டில், அழ விட்டு பழக்கணும்னு சொல்றாங்களாம். எங்கம்மா "பச்சப் புள்ளைய தனியா போடுறதா, எந்த ஊர் வழக்கம் இது"ன்னு குதிக்கிறாங்க. நடுவுல மாட்டிக்கிட்டு நான் முழிக்கிறேன். (சென்னை)

உங்க கேஸ்ல அம்மா பாதி ஜெயிக்கிறாங்க, மனைவி பாதி.

அழ விட்டு பழக்குறது போஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரில இருந்த டாக்டர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985ல எழுதுன புத்தகத்தால பரவுன முறை. அதுவும் பச்சக் குழந்தைக்கு இல்ல, சில மாசம் வளந்த குழந்தைக்கு, அப்படியே விட்டுட்டு போறதும் இல்ல, கொஞ்சங் கொஞ்சமா இடைவெளிய கூட்டி கூட்டி போய்ப் பாக்கணும். தனி ரூம் விஷயத்துல அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கமே என்ன சொல்லுதுன்னா குறைஞ்சது மொத ஆறு மாசம் குழந்தை பெத்தவங்க ரூம்லயே தூங்கட்டும், ஆனா ஒரே மெத்தையில வேணாம், பக்கத்துல தனியா. அதனால ரூம் விஷயத்துல உங்கம்மாவுக்கு ஒரு பாயிண்ட். மல்லாக்கப் படுக்க வைக்கணும், மெத்த கெட்டியா சமமா இருக்கணும், தலையணை, பஞ்சு பொம்மை, தடியான போர்வை எதுவும் கூடாது, இது உங்க மனைவிக்கு. தூளி ஆட்டுறத ஒரேடியா நிறுத்துங்கன்னு சொன்னா வீட்ல யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும், ஆனா தாடை நெஞ்சுல முட்டுற மாதிரி கழுத்து மடங்குனா மூச்சுக்கு ஆபத்து, அதனால பக்கத்துல முழிச்ச ஆள் இல்லாம தூளில போடாதீங்க, ராத்திரி தூக்கத்துக்கு தூளி வேணவே வேணாம்.

இதோட சேத்து இன்னும் சிலதையும் இப்பவே வீட்ல பேசி முடிச்சிருங்க, ஏன்னா ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னிக்கு பேச தெம்பு இருக்காது. சேனை வைக்கிறேன்னு தேனத் தொட்டு நாக்குல வைக்க யாராச்சும் நிப்பாங்க. ஒரு வயசு ஆகுற வரைக்கும் தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம்னு ஒரு ஆபத்தான நோய உண்டாக்குற கிருமி அதுல இருக்க வாய்ப்பிருக்கு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேணாம். மூக்குல எண்ணெய் விடுறது, சாம்பிராணி புகையில காட்டுறது ரெண்டையும் விட்டுருங்க. பாட்டி கையால ஒடம்புல எண்ணெய் தேச்சு குளிப்பாட்டுறது மட்டும் நல்லா நடக்கட்டும், அழுத்தி நீவாம இருந்தா சரி. எந்த அமெரிக்க பாட்காஸ்ட்டும் உங்க வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடாது பாருங்க. சொல்றப்ப "பாட்காஸ்ட்ல சொன்னாங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, "டாக்டர் சொன்னாங்கம்மா"ன்னு சொல்லுங்க, அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலயே கேக்க வைங்க.

இந்த பாட்காஸ்ட்ல பேசுறவங்கெல்லாம் டாக்டரா? யார நம்புறது? (திருச்சி)

எல்லாரும் டாக்டர் இல்ல. 'பேரன்ட்டேட்டா' நடத்துற எமிலி ஆஸ்டர் பிரவுன் யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் புரொஃபசர், ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்து வெச்சு இதுல எவ்ளோ ஆதாரம் இருக்குன்னு அலசுறதுதான் அவங்க வேலை. 'அன்ரஃபிள்ட்' நடத்துற ஜேனட் லான்ஸ்பரி ஒரு காலத்துல நடிகை, அப்புறம் மேக்டா கெர்பர்கிட்ட குழந்தை வளப்பு படிச்சவங்க. டாக்டர் பட்டம் இல்லங்குறதுக்காக ஒதுக்க வேண்டியதில்ல, கொழந்த அடம்பிடிக்கிறப்ப என்ன பேசுறதுன்னு ஜேனட் சொல்ற அளவுக்கு தெளிவா சொல்றவங்க கம்மி. ஆனா காய்ச்சல், தடுப்பூசி, எடை ஏறல, பேச்சு வரல, இதுக்கெல்லாம் இவங்ககிட்ட போகாதீங்க.

நம்புறதுன்னு கேட்டதால இதையும் சொல்லிடுறேன். அமெரிக்கால யூட்டா மாநிலத்துல ரூபி ஃபிராங்கின்னு ஒரு அம்மா, ஆறு புள்ளைங்க, குடும்ப யூடியூப் சேனல் நடத்தி லட்சக்கணக்குல சப்ஸ்கிரைபர் வெச்சிருந்தவங்க. அப்புறம் ஜோடி ஹில்டெபிராண்ட்னு ஒரு கவுன்சிலரோட சேந்து ஊருக்கெல்லாம் புள்ள வளக்க அட்வைஸ் பண்ணிட்டு இருந்தாங்க. 2023 ஆகஸ்ட்ல அவங்க 12 வயசு பையன் ஜோடி வீட்டு ஜன்னல் வழியா தப்பிச்சு பக்கத்து வீட்டுக்குப் போய் சாப்பாடும் தண்ணியும் கேட்டப்பதான் உள்ள நடந்த கொடுமையே வெளிய வந்துச்சு. 2024 பிப்ரவரில ரெண்டு பேருக்கும் ஜெயில். குரல் அமைதியா இருக்குறதும் ஃபாலோயர் எண்ணிக்கையும் ஒண்ணுத்துக்கும் சாட்சி இல்ல. எபிசோட் முடிவுல எப்பவும் ஒரே கோர்ஸ வாங்கச் சொல்றாங்களா, உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இருந்தும் டாக்டர்கிட்ட இருந்தும் உங்கள பிரிக்கிற மாதிரி பேசுறாங்களா, இத கவனிங்க.

நானும் என் 13 வயசு பொண்ணும் சேந்து குடும்பப் பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். எங்க வீட்டு சண்ட சச்சரவெல்லாம் கலகலன்னு இருக்கும். (சேலம்)

ஆரம்பிங்க, ஆனா எந்தச் சண்டையன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. ஹில்லரி ஃபிராங்க்னு ஒரு அமெரிக்க ரேடியோக்காரங்க 2010ல ஆரம்பிச்ச 'தி லாங்கஸ்ட் ஷார்ட்டஸ்ட் டைம்' நல்ல உதாரணம். பிரசவத்துல பட்ட கஷ்டம், அதுக்கப்புறம் வந்த தனிமை, அங்க இருந்துதான் ஆரம்பிச்சாங்க, அதாவது அம்மாவோட கதை. நீங்க சொல்ல நெனைக்கிறது பெரும்பாலும் பொண்ணோட கதையா இருந்தா யோசிங்க. வயசுக்கு வந்தது, மார்க் கொறஞ்சது, யார்கிட்ட பேசுறா, இதெல்லாம் இன்னிக்கு அவளுக்கே சிரிப்பா இருக்கலாம், ப்ளஸ் டூல ஒரு பையன் அந்த ஆடியோவ கிளாஸ் குரூப்ல போட்டா சிரிப்பா இருக்காது. ஒவ்வொரு எபிசோடையும் எடிட் பண்ணதுக்கப்புறம் அவ கேட்டு, இத வெட்டுன்னு சொன்னா ஏன்னு கேக்காம வெட்டணும். ஸ்கூல் பேர், ஏரியா, டியூஷன் டைம் எதுவும் வரக்கூடாது. காசு வந்தா அவளுக்கும் பங்கு தனியா எடுத்து வைங்க, அமெரிக்கால இல்லினாய் மாநிலத்துல குடும்ப வீடியோவுல வர்ற புள்ளைங்களுக்கு வருமானத்துல பங்கு ஒதுக்கணும்னு 2024 ஜூலைல இருந்து சட்டமே இருக்கு.

மைக்குக்கு இப்பவே காசு கொட்டாதீங்க, போன் போதும். ஃபேன நிறுத்திட்டு, துணி அடுக்குன பீரோவ தொறந்து வெச்சு அதுக்கு முன்னாடி உக்காந்து பேசுங்க, எக்கோ அடங்கிடும். குக்கர் விசில் ஒண்ணு ரெண்டு விழுந்தா விடுங்க, குடும்பப் பாட்காஸ்ட்தானே.

டிவிக்கு பதிலா அஞ்சு வயசு பொண்ணுக்கு கதை பாட்காஸ்ட் போட்டு விடுறேன். இதுவும் ஸ்கிரீன் டைம் கணக்குல வருமா? (ஈரோடு)

வராது, போன் மொகத்துக்கு முன்னாடி இல்லாத வரைக்கும். ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம்னு இந்திய குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்லுது. அதனால ஸ்பீக்கர்ல போட்டுட்டு போன தூக்கி ஃப்ரிட்ஜ் மேல வைங்க. இங்கிலீஷ் புரிஞ்சா 'வாவ் இன் தி வேர்ல்ட்' நல்லா இருக்கும், 2017ல அமெரிக்காவோட என்பிஆர் ரேடியோ குழந்தைங்களுக்கு ஆரம்பிச்ச அறிவியல் நிகழ்ச்சி, கொஞ்சம் கத்தல் ஜாஸ்தி. ஹெட்போன் குடுத்தா சத்தம் 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம், இதுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, வீட்ல டெசிபல் அளக்க முடியாது, ஒரு கை தூரத்துல நின்னு சாதாரணமா கூப்புடுங்க, திரும்பலன்னா சத்தம் ஜாஸ்தி.

என் கணவருக்கு நல்ல நல்ல எபிசோட் லிங்க் அனுப்புறேன், ப்ளூ டிக் விழுது, கேக்க மாட்டேங்குறாரு. (தஞ்சாவூர்)

லிங்க் ஒவ்வொண்ணும் அவருக்கு குத்தப் பத்திரிகையா தெரியுது. அனுப்புறத நிறுத்துங்க. பஸ்லயோ பைக்லயோ போறப்ப "இன்னிக்கு ஒண்ணு கேட்டேன், எனக்கு ஒத்துக்க முடியல, நீ என்ன சொல்ற"ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க. எதிர்த்துப் பேசுறதுக்காகவாவது காது குடுப்பாரு.

என் 15 வயசு பையன் ரெண்டு மாசமா ரூம விட்டு வெளிய வரல, சாப்பாடு பாதி, ஸ்கூலுக்கும் சரியா போறதில்ல. டீனேஜ் பத்தி நல்ல பாட்காஸ்ட் சொல்லுங்க. (திருநெல்வேலி)

சொல்ல மாட்டேன் சார், கோவிச்சுக்காதீங்க. இது எபிசோட் தேடுற நேரம் இல்ல. மத்திய அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு கூப்புடுங்க, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம், மொதல்ல நீங்க மட்டும் பேசுனாலும் போதும். செத்துடலாம் போல இருக்குங்குற மாதிரி ஒரு வார்த்த வந்திருந்தா இன்னிக்கே ஆஸ்பத்திரி. யாராவது அவன அடிக்கிறாங்க, மெரட்டுறாங்க, தொடக் கூடாத விதத்துல தொட்டாங்கன்னு சந்தேகம் வந்தா குழந்தைங்க உதவி எண் 1098. அவன்கிட்ட "என்னடா பிரச்சன உனக்கு"ன்னு நேரா கேக்காம, தட்ட எடுத்துட்டு அவன் ரூம்லயே போய் உக்காந்து சாப்புடுங்க, பேசலன்னாலும் பரவால்ல. எனக்கு மறுபடி எழுதுங்க.

எனக்கு 71 வயசு. பேத்தி பேச்சு புரியணும்னு பாட்காஸ்ட் கேக்க ஆரம்பிச்சேன், போன்ல கூகுள் பாட்காஸ்ட்னு ஒண்ணு இருந்தது, திடீர்னு காணோம். டேட்டா வேற சீக்கிரம் தீருது. (மதுரை)

உங்க போன்ல கோளாறு இல்ல ஐயா, கூகுளே அத 2024ல மூடிட்டாங்க. யூட்யூப் மியூசிக்லயோ ஸ்பாட்டிஃபைலயோ அதே பேர தேடுங்க, வரும். டேட்டா தீருறதுக்குக் காரணம் வீடியோவா பாக்குறதுதான். வெறும் ஆடியோன்னா அரை மணி நேர எபிசோட் சாதாரணமா 30 எம்பிய தாண்டாது. ஸ்பாட்டிஃபைன்னா எபிசோட் பேருக்குப் பக்கத்துல கீழ பாத்த அம்புக்குறி இருக்கும், வீட்டு வைஃபைல இருக்கும்போது அத அழுத்தி டவுன்லோட் பண்ணிட்டு, வாக்கிங்ல நெட்ட அணைச்சுட்டே கேக்கலாம். வேகம் ஜாஸ்தியா தெரிஞ்சா 1எக்ஸ்னு போட்டிருக்குறத தொட்டு 0.8க்கு கொறைங்க, அமெரிக்க இங்கிலீஷ் கொஞ்சம் பிடிபடும். பணம் கட்டச் சொல்லி கேட்டா கட்ட வேணாம், இலவசமா இருக்குறதே கேட்டு முடிக்க முடியாது.