‘வெளியில் வாங்குங்கள்’ என்று துண்டு தந்தால்

கேள்வி: நாங்கள் தோப்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும். இந்த மாதம் கிளினிக்கில் பிரஷர் குளிசையான லொசார்டான் இல்லையென்று வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள். பாமசியில் சொன்ன விலை எங்களுக்குக் கட்டாது. கையில் மிச்சமிருக்கும் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிரஷர் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. அம்மா நன்றாகத்தான் நடமாடுவார், திடீரென்று ஒருநாள் பாரிசவாதம் வந்து படுத்துவிடக்கூடும். மருந்தாளராக இருந்து நான் அதிகம் பயப்படுவது இப்படி மிச்சம்பிடிப்பதற்குத்தான்.

சரி, செலவை எப்படிக் குறைப்பது? பழைய குளிசை மட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் ‘லொசார்டான் பொட்டாசியம் 50 மில்லிகிராம்’ என்பதுபோல் இருக்கும். அதுதான் மருந்து. பாமசியில் அந்தப் பெயரையும் அளவையும் சொல்லி, “இதில் விலை குறைந்தது எது?” என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுத வேண்டும், வாங்க வேண்டும் என்று இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே அன்றே போராடினார். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானதும் அந்த எண்ணத்தில்தான். அதன் ஒசுசல கடைகளில் விலையை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

மாதம் முழுவதுக்கும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். பத்து நாளைக்கு வாங்கிக்கொண்டு, அதற்குள் இருப்பு வந்துவிட்டதா என்று கிளினிக்கில் கேளுங்கள். அடுத்த முறை இப்படித் துண்டு தந்தால், ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் முன்பே டொக்டரிடம், “இங்கே இருப்பில் இருக்கிற வேறு பிரஷர் குளிசை அம்மாவுக்குச் சரிவருமா?” என்று கேளுங்கள். பல நேரம் அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடும். ஆனால் அதை டொக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக மாற்றக்கூடாது.

சீனிக்கான மெட்ஃபோமினில் இன்னொரு கவனம் வேண்டும். சாதாரணக் குளிசையும் மெதுவாகக் கரையும் குளிசையும் ஒன்றல்ல. மெதுவாகக் கரைவதை நசுக்கிக் கொடுக்காதீர்கள்.

மூதூர் தள வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. கிளினிக்கை அங்கே மாற்ற முடியுமா என்று கிளினிக் கொப்பியோடு போய் விசாரியுங்கள். போகும்போது பழைய மட்டைகளையும் கொண்டுபோங்கள்.