மழை விடட்டும், மேடை போடலாம்: டெல்டா கல்லூரி விழாக்கள் பற்றிய கேள்வி பதில்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் மார்கழியில் தொடங்கி மாசி வரை ஏதாவது ஒரு விழா நடந்துகொண்டே இருக்கும். கலை விழா, விளையாட்டுப் போட்டி, அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று மூன்று பக்கமும் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கலைக் கல்லூரி மாணவர்: டிசம்பர் இரண்டாம் வாரம் திறந்தவெளியில் இரண்டு நாள் கலை விழா வைக்க நினைக்கிறோம். முதல்வர் ஜனவரிக்குத் தள்ளச் சொல்கிறார். பசங்களுக்கு வருத்தம். யார் சொல்வது சரி சார்?

முதல்வர் சொல்வதுதான் சரி, தம்பி. நம் கடலோரத்துக்கு வருட மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதிலும் டிசம்பர் முதல் பாதியை நம்பவே முடியாது. மழை நின்றாலும் வேலை முடியாது. நம்முடையது வண்டல் களிமண். ஒரு மழை பெய்தால் மைதானம் உளையாகிவிடும், நாலு நாள் வெயில் அடித்தாலும் நாற்காலிக் கால் புதையும். வாடகைப் பந்தல்காரர் களிமண்ணில் அடிக்கும் முளையும் ஈரத்தில் பிடிக்காது. 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது இந்தப் பகுதியில் எத்தனை மரம், எத்தனை கூரை போனது என்று உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். செமஸ்டர் தேர்வும் அந்தச் சமயத்தில்தான் வந்து மோதும்.

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து எல்லாரும் திரும்ப ஒரு வாரம் விடுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நம் ஊருக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. டிசம்பரில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் வினாடி வினா, பட்டிமன்றம், ஓவியம் என்று கூரைக்குக் கீழே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பேராசிரியர்: சாயங்கால நிகழ்ச்சியில் விளக்கு போட்டதும் பச்சைப் பூச்சி மொய்க்கிறது. பாடுகிற பிள்ளைகள் வாயைத் திறக்க முடியவில்லை. என்ன செய்வது?

வயலுக்கு நடுவே கல்லூரி இருந்தால் இந்தத் தொல்லை வரத்தான் செய்யும். சம்பா பயிர் நிற்கும் வரை பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். அறுவடை ஆனதும் தானாகக் குறைந்துவிடும். விழாவைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு இது எனக்கு இன்னொரு காரணம்.

தள்ள முடியாதென்றால் இப்படிச் செய்யுங்கள். மேடைக்கு 40, 50 அடி தள்ளி, வயல் பக்கமாக, நல்ல வெளிச்சமுள்ள வெள்ளை விளக்கு ஒன்றைக் கம்பத்தில் கட்டி, மேடை விளக்குக்கு அரை மணி முன்னாலேயே எரியவிடுங்கள். அடியில் ஓர் அகலத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். விவசாயிகள் வைக்கும் விளக்குப் பொறி இதுதான். மேடையில் மஞ்சள் ஒளி போதும், வெள்ளை வேண்டாம். பாடகர் முகத்துக்கு நேராக விளக்கு வைக்காமல் பக்கவாட்டில் உயரத்தில் வையுங்கள். பூச்சி முழுக்கப் போய்விடாது, ஆனால் சரணம் வரை பாடலாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து கபடி அணித் தலைவர்: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குத் தேர்வு நடக்கப்போகிறது. காலையில் மேட் (கபடி விரிப்பு) மேல் கால் வழுக்குகிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும் அண்ணா?

வழுக்குவதற்குக் காரணம் பனி. ராத்திரி விரிப்பைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அப்படியும் ஈரம் தங்கும். காலையில் பழைய துணியால் துடைத்து, வெயில் ஏறியபிறகு, ஒன்பது மணிக்கு மேல் இறங்குங்கள். ஆறு மணிக்குப் பயிற்சி எடுத்தே தீருவேன் என்றால் ஓட்டமும் உடற்பயிற்சியும் மட்டும் எடுங்கள். பனி ஈரத்தில் ஒரு தொடைப்பிடி போட்டுப் பார்த்தால் முட்டி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மேட் இல்லாமல் மண் ஆடுகளம்தான் என்றால் களிமண்ணை அப்படியே விடாதீர்கள். காய்ந்தால் வெடித்துக் கல்லாகிவிடும். மேல் மண்ணைக் கொத்தி, சலித்து, ஆற்று மணல் கலந்து, முதல் நாள் சாயங்காலம் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர். அளந்துதான் கோடு போட வேண்டும். பழைய கோட்டின் மேலேயே சுண்ணாம்பு போடுகிற பழக்கத்தால் ஆடுகளம் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருவதைப் பல இடத்தில் பார்க்கிறேன்.

அப்புறம் காகிதங்கள். முழுநேரப் படிப்பில் இருக்க வேண்டும், வயது 25 தாண்டக்கூடாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகளின் அசலை இப்போதே வீட்டிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடுகிற பையன் சான்றிதழ் இல்லாமல் பெஞ்சில் உட்காருவதைப் போலக் கொடுமை கிடையாது. எடைக்கும் வரம்பு உண்டு. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ. பொங்கல் விடுமுறையில் அம்மா சமையலை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவி: இளைஞர் விழாவில் எங்கள் கல்லூரி மைம் (பேச்சில்லா நடிப்பு) குழுவில் இருக்கிறேன். என்ன கதை எடுக்கலாம்?

கதையைவிட நேரம் முக்கியம்மா. 6 பேர், 5 நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் ஊழல், மதுப்பழக்கம், சுற்றுச்சூழல், கடைசியில் தேசியக்கொடி என்று எல்லாவற்றையும் திணிக்கும் குழுக்களைப் பார்த்து நடுவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். நெரிசலான டவுன் பஸ்ஸில் கடைசிப் படியில் தொங்கும் ஒருவன், உள்ளே டிக்கெட் கேட்டு நகர்ந்து வரும் கண்டக்டர், கை மாறி மாறி வரும் சில்லறை. இதை ஆறு உடம்புகளால் காட்ட முடிந்தால் போதும். ஒத்திகையைக் கண்ணாடி முன்னால் செய்யாதீர்கள், போனில் படமெடுத்துப் பாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: மகன் பதினோராம் வகுப்பு. கணக்கில் ரொம்ப ஆர்வம். டிசம்பர் 22ஐ ஒட்டி நம்ம ஊரில் கணிதச் சொற்பொழிவு நடக்குமாமே. அழைத்துப் போனால் அவனுக்குப் புரியுமா?

பெரும்பகுதி புரியாது. ஆனாலும் அழைத்துப் போங்கள் அம்மா. 22 இராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித தினம். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அவர் பெயரில் 2005 முதல் தன் கும்பகோணம் வளாகத்தில் ஒரு பரிசு கொடுக்கிறது. தொகை 10,000 டாலர். 32 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிடையாது, ஏனென்றால் இராமானுஜன் வாழ்ந்தது 32 வயது வரைதான். முதல் வருடம் வாங்கியவர்களில் ஒருவர் மஞ்சுள் பார்கவா, 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். 2013இல் பீட்டர் ஷோல்சே, அவருக்கு 2018இல் பதக்கம். 2017இல் உக்ரைனைச் சேர்ந்த மரினா வியாசோவ்ஸ்கா, 2022இல் பதக்கம். அதாவது உலகம் கொண்டாடுவதற்கு முன்பே நம்ம கும்பகோணம் கொண்டாடிவிடுகிறது. இந்தப் பெருமையை ஊரில் பாதிப் பேருக்கு யாரும் சொன்னதில்லை.

பள்ளி மாணவர்களை அனுமதிப்பார்களா, எந்த அமர்வு பொதுவானது என்பதை முன்கூட்டியே வளாகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வீட்டையும், ஆற்றங்கரையில் அவர் 1904இல் சேர்ந்த அரசுக் கல்லூரியையும் காட்டுங்கள். மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை அங்கேதான் இழந்தார். இதைப் பையனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்! உ.வே.சா. அதே கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு வருட இடைவெளியில் அந்தக் கல்லூரியில் இருவரும் சேர்ந்து இல்லாமல் போய்விட்டார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தமிழ்த்துறை ஆசிரியர்: அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஆளே வருவதில்லை. வருகைப்பதிவு போட்டு உட்காரவைக்கிறோம்.

வருகைப்பதிவை முதலில் எடுங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், பொன்னாடை என்று முக்கால் மணி போனபிறகு பேச்சாளர் எழுந்தால் யார் கேட்பார்கள்? வரவேற்பு இரண்டு நிமிடம், உடனே பேச்சு 40 நிமிடம், கேள்விகள் 20 நிமிடம். பொன்னாடையைக் கடைசியில் போர்த்துங்கள், அதுவரை ஆளும் இருப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.

திருவாரூரிலிருந்து பறைக்குழு மாணவர்: மார்கழிக் குளிரில் பறை சத்தமே வரமாட்டேன் என்கிறது. மேடை ஏறும்போது என்ன செய்வது?

தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துபோகிறது. பெரியவர்கள் செய்வதுபோல் வைக்கோலில் தீ மூட்டிக் காய்ச்சுங்கள். தீக்கு ரொம்ப அருகில் பிடிக்காமல், பறையைச் சுழற்றிக்கொண்டே, அவ்வப்போது தட்டிப் பார்த்துச் சுருதி ஏறியதும் எடுத்துவிடுங்கள். ஆடும் முறை வருவதற்குச் சற்று முன்னால் காய்ச்சினால்தான் பலன். ஒரு மணி நேரம் முன்னால் காய்ச்சி வைத்தால் மறுபடி இறங்கிவிடும். விழாக்குழுவிடம் முதலிலேயே சொல்லி, மேடைக்குப் பின்னால் பந்தல் துணிக்கு எட்டாத தூரத்தில் இடமும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்டு வாங்குங்கள். சொல்லாமல் தீ மூட்டினால் காவலாளி ஓடிவருவார்.

ஒலிபெருக்கி எத்தனை மணி வரை?

இரவு 10 மணி. 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. காவல் நிலைய அனுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஒரு பேருந்துப் பயணி மாணவி: எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எட்டே காலுக்கு. எங்கள் நடனத்தை எப்போதும் எட்டு மணிக்குத்தான் போடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் விழாக்குழுக்காரர்கள். நிகழ்ச்சி நிரல் எழுதும்போதே யார் விடுதி, யார் வெளியூர் என்று ஒரு தாளில் பிரித்துக்கொண்டு, வெளியூர்ப் பிள்ளைகளை மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் போடுங்கள். விடுதிக்காரர்கள் ராத்திரி ஆடட்டும். அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. நீங்கள் உங்கள் ஊர், பஸ் எண், நேரம் மூன்றையும் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் விழா அவசரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.