பெட்டி ஏன் திரும்பி வந்தது? ஐரோப்பிய இணையச் சந்தை விதிகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (வாணியம்பாடி): தோல் பர்ஸ், பெல்ட் செய்து ஒரு பெரிய விற்பனைத் தளத்திலும் எங்கள் சொந்த இணையதளத்திலும் விற்கிறோம். தளம் வழியாகப் போகும் பெட்டிகள் ஜெர்மனியில் ஒழுங்காகச் சேர்கின்றன. சொந்த இணையதளத்தில் வந்த 40 யூரோ ஆர்டருக்கு மட்டும் தபால்காரர் வாசலில் பணம் கேட்க, வாங்கியவர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே பர்ஸ்தானே, ஏன் இப்படி?

பதில்: இரண்டு பெட்டிக்கும் வரி ஒன்றுதான். அதை யார், எப்போது வசூலிக்கிறார்கள் என்பதுதான் வேறு. 2021 ஜூலை 1-க்கு முன் 22 யூரோ வரையுள்ள பொட்டலங்களுக்கு இறக்குமதி வாட் வரி இல்லை. உள்ளூர்க் கடைக்காரர் முதல் யூரோவிலிருந்தே வரி கட்ட, வெளியிலிருந்து வரும் சரக்கு கட்டாமல் நுழைவது நியாயமில்லை என்று அன்றோடு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். கூடவே ஐஓஎஸ்எஸ் என்ற பதிவு முறையும் வந்தது. 150 யூரோ வரையுள்ள சரக்குக்கு, விற்கும்போதே வாட் வாங்கி, மாதம் ஒரே கணக்காக ஒரே நாட்டில் கட்டிவிடலாம். பெரிய விற்பனைத் தளத்தின் வழியாகப் போகும் பெட்டிக்குச் சட்டம் அந்தத் தளத்தையே விற்பனையாளராகக் கருதுகிறது. அதனால் வாட்டைத் தளமே பிடித்துக் கட்டிவிடுகிறது. உங்கள் சொந்த இணையதளத்துக்கு அப்படிச் செய்ய யாரும் இல்லை.

கணக்கு இது: பர்ஸ் 40 யூரோ, தபால் செலவு 10 யூரோ, ஆக 50. ஜெர்மனியில் வாட் 19 சதவீதம், அதாவது 9.50 யூரோ. அதற்கு மேல் அஞ்சல் நிறுவனம் சுங்க வேலைக்காகத் தன் கட்டணத்தையும் சேர்க்கும். வாட்டைவிட இந்தக் கட்டணம்தான் வாங்குபவருக்கு அதிக எரிச்சல்.

வழி இரண்டு. ஒன்று, நீங்களே ஐஓஎஸ்எஸ் பதிவு செய்வது. இந்திய நிறுவனம் நேரடியாகச் செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள ஓர் இடைத்தரகர் வழியாகத்தான் முடியும். அவருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. மற்றொன்று, வரியை அனுப்புபவரே ஏற்கும் டிடிபி முறையில் கூரியரில் அனுப்புவது. மாதம் பத்துப் பதினைந்து பெட்டிக்குள் என்றால் டிடிபியே போதும் என்போம். அதற்கு மேல் போனால் இடைத்தரகர் கட்டணம் கட்டுபடியாகும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: விற்பனைத் தளத்தின் ஐஓஎஸ்எஸ் எண் கையில் இருக்கிறதே என்று சொந்த இணையதள ஆர்டருக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். அந்த எண் அந்தத் தளத்தின் விற்பனைக்கு மட்டுமே. மாதக் கணக்கை ஒப்பிடும்போது மாட்டுவது நீங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தள ஆர்டரின் எண்ணைப் பெட்டியில் ஒட்டிவிட்டு, கூரியருக்குக் கொடுக்கும் மின்னணுத் தகவலில் விட்டுவிடுவார்கள். சுங்கம் பார்ப்பது மின்னணுத் தகவலைத்தான், ஸ்டிக்கரை அல்ல. வாங்கியவர் இரண்டாம் முறை வாட் கட்டுவார், கோபம் உங்கள் மீது திரும்பும்.

பில்லில் சரக்கு விலையையும் தபால் செலவையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். 150 யூரோ வரம்பைப் பார்க்கும்போது தனியாகக் காட்டிய தபால் செலவைச் சேர்க்க மாட்டார்கள். வாட் கணக்கில் சேர்ப்பார்கள். சேர்த்தே எழுதினால் 145 யூரோ பை 160 ஆகிவிடும், ஐஓஎஸ்எஸ் கைகொடுக்காது. விவரத்தில் 'தோல் சாமான்', 'கிஃப்ட்' என்று எழுதாதீர்கள். 'ஆண்களுக்கான மாட்டுத்தோல் பர்ஸ்' என்று எழுதி சுங்கம் பொருளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் ஆறு இலக்க எச்எஸ் குறியீட்டையும் கொடுங்கள்: தோல் பர்ஸுக்கு 4202 31, பெல்ட்டுக்கு 4203 30.

இந்தக் குறியீடு இனி பணக்கணக்கும் ஆகிறது. 150 யூரோவுக்குக் கீழே சுங்கத் தீர்வை இல்லை என்ற சலுகைக்குப் பதிலாக, 2026 ஜூலை 1 முதல் பொருளுக்கு 3 யூரோ நிலைத் தீர்வை என்று 2025 டிசம்பரில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. எண்ணுவது பெட்டியை அல்ல, குறியீட்டை. இரண்டு பர்ஸ் என்றால் 3 யூரோ. ஒரு பர்ஸும் ஒரு பெல்ட்டும் என்றால் 6 யூரோ. 'காம்போ' விலை வைத்திருப்பவர்கள் மறுபடி கணக்குப் போடுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): தோலில் குரோம்-6 (குரோமியத்தின் நச்சு வடிவம்) பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். எங்களுக்குத் தோல் கொடுத்தவர் 'குரோம்-3தான் போட்டேன்' என்கிறார்.

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. பதனிடும்போது போடுவது குரோம்-3தான். அது பிறகு தோலுக்குள்ளேயே ஆக்சிஜனேறி 6 ஆக மாறுகிறது. மீன் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்பில் எண்ணெய் ஏற்றினால், நடுநிலையாக்கும்போது பிஎச் ஏறிவிட்டால், முடித்த தோல் வெயிலிலோ சூடான கிடங்கிலோ கிடந்தால் இது நடக்கும். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, தோலின் உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். மறுபடி பதனிடும்போது கொஞ்சம் தாவரப் பதப்பொருள் சேர்த்தால் அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுப் பதனிட்ட ஊர்ப்பக்கத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சான்று ஐஎஸ்ஓ 17075 முறையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தோல் லாட்டுக்கும் எடுத்து, லாட் எண்ணைப் பர்ஸின் உள்ளே குத்திவிடுங்கள்.

கேள்வி (செங்கோட்டை): அம்பாசமுத்திரம் மரச் சொப்பு சாமான்களை வாங்கி ஐரோப்பியத் தளம் ஒன்றில் விற்றேன். 'பொறுப்பாளர் விவரம் இல்லை' என்ற ஒரே வரியோடு எல்லாப் பொருளையும் எடுத்துவிட்டார்கள். இப்படித் திடீரென்று எடுக்கச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: எடுத்ததற்குக் காரணம் சரி. 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, ஒன்றியத்துக்குள் முகவரியுள்ள ஒரு பொறுப்பாளர் இல்லாத பொருளை அங்கே விற்க முடியாது. அவர் இறக்குமதியாளராக இருக்கலாம், எழுத்துமூல அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக இருக்கலாம். பிராங்க்பர்ட்டில் இருக்கும் அத்தை மகன் முகவரியைப் போட்டு ஒப்பேற்றும் பழக்கம் இருக்கிறது; வேண்டாம். சந்தைக் கண்காணிப்பு அதிகாரி கேட்டால் அவர்தான் பரிசோதனை ஆவணங்களை எடுத்து நீட்ட வேண்டும்.

சொப்புக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று. குழந்தை விளையாடும் தோற்றம் இருந்தால் அது பொம்மை. 'அலங்காரப் பொருள்' என்று எழுதிவிட்டால் தப்ப முடியாது. ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சிஇ முத்திரை வேண்டும். அதற்கு இஎன் 71 என்ற பொம்மைப் பாதுகாப்புத் தரப்படி சோதனை. குட்டிக் கரண்டியும் உழக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை விழுங்கும் அளவு என்றால் அந்த வயதுக்கு விற்க முடியாது. அரக்கு வண்ணத்தில் ஈயம் போன்றவை எவ்வளவு கசிகிறது என்றும் பார்ப்பார்கள்.

இனி 'திடீரென்று' என்பதற்கு வருவோம். 2020 ஜூலை 12 முதல் உள்ள ஐரோப்பிய விதிப்படி, தளங்கள் பொருளை முடக்கினால் காரணம் எழுத்தில் தர வேண்டும். கணக்கையே மூடுவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு. நிபந்தனைகளை மாற்ற 15 நாள். ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒன்றியத்துக்குள் நிறுவப்பட்ட விற்பனையாளருக்குத்தான். கடமை செங்கோட்டை வரை வருகிறது, உரிமை அவர்கள் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. இதை நியாயம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலில் உள்ளது. தளத்தின் முடிவை எதிர்த்து ஆறு மாதம் வரை கட்டணமின்றி உள்முறையீடு செய்யும் வசதியை அது கட்டாயமாக்குகிறது; தானியங்கி மட்டுமே முடிவு சொல்லக் கூடாது. உங்கள் கணக்கில் அந்தப் படிவம் திறந்தால் போடுங்கள். பொறுப்பாளர் ஒப்பந்தத்தையும் சோதனைச் சான்றையும் இணைக்காமல் வெறும் வேண்டுகோள் மட்டும் போட்டால் பலனில்லை.

கேள்வி (மூணாறு): ஏலத்தோட்டத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். ஐரோப்பியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (ஜிடிபிஆர்) எங்களையும் பிடிக்குமா? முன்பதிவுத் தளத்தைவிடக் குறைவான விலையை எங்கள் இணையதளத்தில் போடலாமா?

பதில்: இணையதளம் பிரான்சில் திறக்கிறது என்பதால் மட்டும் பிடிக்காது. யூரோவில் விலை, பிரெஞ்சுப் பக்கம், அங்குள்ளவர்களைக் குறிவைத்த விளம்பரம் என்றெல்லாம் இருந்தால் பிடிக்கும்; 2018 மே 25 முதல் அப்படித்தான். பெரிய ஓட்டை பாஸ்போர்ட் படம். முன்பதிவின்போதே வாங்கி, டிரைவர், சமையல்காரர் எல்லோரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். முன்பதிவுக்குப் பெயர், தேதி, தொலைபேசி எண் போதும். பாஸ்போர்ட்டை வந்திறங்கியதும் பாருங்கள். வெளிநாட்டவர் தங்கல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் பதிந்தபின், போனில் உள்ள படத்தை அழியுங்கள். விளம்பர மின்னஞ்சலுக்கு அவர் தனியாகச் சம்மதம் தந்திருக்க வேண்டும்.

விலை விஷயம் வேறு. முன்பதிவுத் தளமான புக்கிங் நிறுவனத்தை 2024 மே மாதம் 'வாயிற்காவலர்' (சந்தையின் வாசலையே கையில் வைத்திருக்கும் பெரிய தளம்) என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்ததைத் தொடர்ந்து, வேறெங்கும் குறைத்து விற்கக் கூடாது என்ற ஒரே விலை நிபந்தனையால் அங்குள்ள விடுதிகளைக் கட்டிப்போட முடியாமல் போயிற்று. மூணாறு விடுதிக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. இங்கே பார்க்க வேண்டியது இந்தியப் போட்டி ஆணையத்தை: 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீது 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, ஒரே விலை நிபந்தனைகளையும் நீக்கச் சொன்னது. அது அந்த நிறுவனத்தின் மீதான உத்தரவு. உங்கள் தளத்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் 'விலைச் சமன்' பிரிவு இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தால், பொது விலையைச் சமமாக வைத்துவிட்டு, நேரில் போன் செய்பவருக்கு ஜீப் சவாரியையோ இரவுச் சாப்பாட்டையோ சேர்த்துக் கொடுங்கள். அதையும் அந்தப் பிரிவு தடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.