கஞ்சி வேண்டாம் என்கிறா அம்மா: புற்றுநோய்ச் சிகிச்சையும் சாப்பாடும்

புற்றுநோயாளிகளின் சாப்பாடு பற்றி வாசகர்களிடம் இருந்து இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி "எதை நிறுத்த வேணும்?" என்பதுதான். மீன் கிரந்தியா, தயிர் குளிரா, முட்டை சூடா, சீனியை அடியோடு விடவா? "எதைக் கூட்டிக் குடுக்கலாம்?" என்று கேட்டது பூநகரியில் இருந்து எழுதிய ஒரு பேரப்பிள்ளை மட்டும். கிளினிக்கில் நான் காண்பதும் இதுதான். நோயாளி மெலிவதற்கு நோயும் மருந்தும் காரணம் என்றால், மிச்சத்தைப் பக்கத்து வீட்டார் சொல்லும் பத்தியம் பார்த்துக்கொள்கிறது.

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு ஒன்றும் இறங்குதில்லை. எல்லாரும் கஞ்சி குடுக்கச் சொல்லுகினம். கோப்பையைக் கண்டாலே முகத்தைத் திருப்புறா. "அந்த நாள்தான் ஞாபகம் வருது" என்கிறா. வற்புறுத்திக் குடுக்கலாமா? (மகள், விசுவமடு)

வேண்டாம் பிள்ளை. ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் சந்தியில் நின்று காய்ச்சிக் குடிக்கிற உப்புக் கஞ்சியை, 2009 இல் முள்ளிவாய்க்காலில், போரின் கடைசி நாட்களில், உங்கள் அம்மா வரிசையில் நின்று வாங்கியிருப்பா. கீமோ நேரத்தில் மணமும் ருசியும் ஏற்கனவே மாறிப்போயிருக்கும். அந்த நேரம் இந்த மணத்தையும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் வயிறு மூடிக்கொள்ளும். கஞ்சியை விடுவதால் பெரிய நட்டமும் இல்லை. வெறும் அரிசிக் கஞ்சியில் தண்ணிதான் கூட.

அவவுக்கு இப்போது தேவை புரதம். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை என்பது கணக்கு. 50 கிலோ என்றால் 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு இருக்கிறது. உள்ளங்கை அளவு மீன் துண்டில், சமைத்த நிறை 100 கிராம் என்றால், 20 கிராம் அளவு. குளத்து யப்பான் மீன் (திலாப்பியா) போதும், விலை கூடிய மீன் தேடி அலைய வேண்டாம். அவித்த பயறு ஒரு கோப்பையில் 14, பால்மா 30 கிராமில் 8. இரண்டு முட்டையோடு இவ்வளவும் போனாலே 50ஐத் தாண்டிவிடும்.

மெதுவாக இறங்க வேணும் என்றால் உழுத்தங்களி, சொதியில் ஊறிய இடியப்பம், தேங்காய்ப்பால் விட்ட பயற்றம் பாயாசம், தயிரில் மசித்த கதலி வாழைப்பழம் இருக்கின்றன. மூன்று வேளையை மறந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு ஒருக்கா ஒரு சின்னக் கிண்ணம் குடுங்கள். ஆறின சாப்பாட்டில் மணம் குறைவு, அதனால் ஓங்காளமும் குறையும். மீன் பொரிப்பதை முற்றத்து அடுப்புக்கு மாற்றுங்கள். எல்லாம் இரும்பு ருசி என்று சொன்னால் பிளாஸ்ரிக் கரண்டி குடுத்து, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். வாயில் புண் இருந்தால் புளி வேண்டாம். சத்தியை நிறுத்தும் குளிசையை டொக்டர் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். சத்தி வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

முள்ளு அன்னமுன்னா (முள்சீத்தா) இலையை அவித்துக் குடித்தால் கீமோவே தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கனடாவில் இருக்கிற மாமா மஞ்சள் குளிசையும் அனுப்பியிருக்கிறார். (நெடுங்கேணி)

ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுக்கலம் எத்தனையோ பொருட்களை ஊற்றினால் செத்துப்போகும். மனிதரில் இந்த இலை புற்றுநோயைக் குணமாக்கியதற்குச் சான்று இல்லை. கரீபியன் கடலில் குவாதலூப் என்ற தீவில் இந்தப் பழத்தையும் இலைச் சாயத்தையும் நெடுநாள் குடித்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் கூடுதலாக இருப்பதை 1990களின் கடைசியில் வைத்தியர்கள் கவனித்தார்கள். அந்த மரத்தில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புக் கலங்களைக் கெடுக்கக் கூடியது. பழத்தை எப்போதாவது ஆசைக்குச் சாப்பிடுவதில் ஒன்றுமில்லை. இலையை நம்பிக் கீமோவைத் தள்ளிப்போட்டு, கட்டி பெருத்த பிறகு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கறியில் போடும் மஞ்சள் தாராளமாக. குளிசையில் இருப்பது செறிவான சத்து, அது மருந்தோடு மோதலாம். மாமா கோபிக்காமல் இருக்க, போத்தலை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "டொக்டர் வேண்டாமாம்" என்று சொல்வது உங்களுக்கும் சுகம்.

சீனி புற்றுநோய்க்குத் தீனியாமே? (மாங்குளம்)

புற்றுக்கலம் குளுக்கோசை வேகமாக இழுக்கிறது என்பதை ஒட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அது உண்மை. ஆனால் நீங்கள் சீனியை விட்டாலும் உடம்பு சோற்றில் இருந்தும், ஒன்றுமில்லாவிட்டால் தசையைக் கரைத்தும் குளுக்கோசு செய்துகொள்ளும். மெலிந்துகொண்டு போகிறவரின் தேத்தண்ணியில் சீனியைக் குறைக்காதீர்கள். நீரிழிவு இருந்தால் கதை வேறு, ஸ்ரெரொயிட் மருந்து போகும் நாட்களில் இரத்தத்தில் சீனி ஏறும்.

அம்மப்பாவுக்கு வாயில் புற்றுநோய். வெட்டி, கதிர்ச் சிகிச்சையும் முடிந்தது. புகையிலையை விட்டுவிட்டார். "வெறும் வெத்திலை பாக்காவது தாங்கோ" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறார். (மல்லாவி)

பாக்கும் குடுக்கக் கூடாது. புகையிலைதான் குற்றவாளி, பாக்கு பாவம் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகுத்தது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது.

ஆனால் அவருடைய அழுகை பாக்குக்கு மட்டும் இல்லை. பின்னேரம் திண்ணையில் நாலு பேர் இருந்து, வெத்திலைத் தட்டத்தை நடுவில் வைத்து, சுண்ணாம்பு தடவிக்கொண்டு ஊர்க்கதை கதைப்பதும் சேர்ந்தல்லவா போய்விட்டது. கூட்டாளிமாரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: வரவேணும், தட்டம் இல்லாமல் வரவேணும்.

வாய்க்கு, கொதித்தாறிய தண்ணி ஒரு லீற்றரில் உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கரைத்து நாளுக்கு நாலைந்து தரம் கொப்பளித்துத் துப்பட்டும். உமிழ்நீர் வற்றியிருக்கும். புட்டு, ரொட்டி வேண்டாம், தொண்டையில் நிற்கும். குழைந்த சோற்றில் தேங்காய்ப்பால் கூடவிட்ட பருப்பு, அவித்த முட்டை மசித்துக் குடுங்கள். தண்ணி குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் புரைக்கேறினால் தள்ளிப்போடாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு விடிய பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். என்ன கட்டிக்கொண்டு போகலாம்? (முள்ளியவளை)

வெயிலில் கெடாமல் நிற்பவை: ரொட்டி, வாழைப்பழம், வறுத்த கச்சான், எள்ளுருண்டை, கொதித்தாறின தண்ணி. தேங்காய்ப்பூ சம்பலும் பால்கறியும் அந்த வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். அவித்த முட்டை நல்லது, கோதை உடைக்காமல் கொண்டுபோய் இறங்கிய பிறகு உரியுங்கள், பஸ்ஸுக்குள் வேண்டாம். சோற்றைக் கண்டாலே ஓங்காளிக்கிற ஒரு அம்மா, பரந்தன் சந்தியில் ஒரு எள்ளுருண்டையை நுள்ளத் தொடங்கி ஆனையிறவு தாண்ட முடித்துவிட்டதாகச் சொன்னா. மடியில் வைத்தபடி, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "சாப்பிடு" என்று பக்கத்தில் யாரும் சொல்லவில்லையாம். அதுதான் இறங்கியிருக்கிறது.

பழஞ்சோறு உடம்புக்கு நல்லது என்று இப்ப எல்லாரும் சொல்லுகினம். கீமோ எடுப்பவர் குடிக்கலாமா? (ஒட்டுசுட்டான்)

எனக்கும் பழஞ்சோற்றில் மோரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிடிக்கும். ஆனால் கீமோ ஏற்றி 7 முதல் 14 நாள் வரை கிருமியோடு போராடும் இரத்த வெள்ளைக் கலங்கள் அநேகமாக அடிமட்டத்தில் இருக்கும். சோற்றில் தங்கும் சில கிருமிகளின் விதை கொதியிலும் சாகாது, இரவு முழுக்கப் பெருகும். அதனால் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். எங்கள் வெயிலுக்குச் சமைத்த சாப்பாட்டை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வையுங்கள். பச்சை முட்டை, அரைவேக்காட்டு இறைச்சி கூடாது. பழத்தை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தத் தேவையில்லை: நன்றாகக் கழுவி, தோலை உரித்து உடனே குடுங்கள். உடம்பு 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ந்தால் பனடோலைப் போட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிதான்.

கர்ப்பப்பை வாய்க்குக் கதிர் வைக்கினம். வயிற்றாலே போய்க்கொண்டே இருக்குது. (துணுக்காய்)

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்), பக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணியில். இலைவறை, கச்சான், பால், உறைப்பு கொஞ்ச நாள் நிற்கட்டும். வெள்ளைச் சோறு, வாழைப்பழம், முட்டை, மீன் போகட்டும். சிறுநீர் குறைந்தால், தலை சுற்றினால் உடனே காட்டுங்கள். சிறுநீரக நோயும் இருந்தால் ஜீவனியும் இளநீரும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். விரதம் இருக்கலாமா? (தண்ணீரூற்று)

இரண்டு கீமோவுக்கு நடுவில் பட்டினி வேண்டாம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குக் கடலின் உப்புத் தண்ணியில் விளக்கு எரிக்கத் தெரியும், உங்கள் நேர்த்தியை அடுத்த வைகாசிவரை பொறுக்கவும் தெரியும். மச்சம் (மீன், இறைச்சி) விட மனம் சொன்னால் விடுங்கள், அந்த இடத்தில் பயறு, கடலை, தயிர் வர வேண்டும். கோயிலுக்குப் போவது டொக்டர் சனக்கூட்டத்துக்கு ஓம் என்றால் மட்டும்.

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம். மார்புப் புற்றுநோய் வந்தவர் சோயா சாப்பிடக் கூடாதாம். எனக்கு நிறையும் ஏறிவிட்டது. (கிளிநொச்சி)

சோயாமீற்றை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். சாப்பாடாகச் சேரும் சோயா கெடுதி செய்வதாகக் காணவில்லை. சோயாச் சத்துக் குளிசைதான் வேண்டாம். பக்கற்றோடு வரும் சுவைத்தூளைப் போடாதீர்கள், அவ்வளவும் உப்பு. முதல் பதிலில் நான் சொன்னதெல்லாம் இனி உங்களுக்கு இல்லை: தேங்காய்ப்பாலையும் சீனியையும் குறைத்து, குரக்கன், இலைவறை, மரக்கறியைக் கூட்டுங்கள். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி கிழமைக்கு 500 கிராமைத் தாண்ட வேண்டாம். சொசேஜ் வேண்டவே வேண்டாம். சைக்கிள் இருந்தால் எடுங்கள்.

அம்மம்மாவுக்கு எதைக் கூட்டிக் குடுக்கலாம்? (பேரப்பிள்ளை, பூநகரி)

சத்துமா செய். பயறு, உழுந்து, கடலை, குரக்கன், கச்சான் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு அரை. கச்சானைத் தெரிந்தெடுப்பது உன் வேலை. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது ஒன்றுகூடச் சேரக் கூடாது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். இரண்டு மேசைக்கரண்டி மாவைப் பாலில் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆற்றிக் குடு. கிழமைக்கு ஒருக்கா அம்மம்மாவின் நிறையை எழுதி வை. கிளினிக்குக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வா.