பறங்கிக்குப் பவுடர் வேண்டாம், ஒரு கதிரை போதும்

கேள்வி: வடமராட்சியில் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த கதையை 30 நிமிட நாடகமாகப் பழக்குகிறோம். மொத்தம் 16 பிள்ளைகள். பறங்கித் தளபதிக்கு வெள்ளைப் பூச்சு, அவனோடு வரும் காப்பிரி, அதாவது ஆபிரிக்கச் சிப்பாய்க்குக் கரிப் பூச்சு என்று பிள்ளைகளே தீர்மானித்துவிட்டார்கள். சிப்பாய் வேடத்துக்குத் தெரிவான பிள்ளையின் அம்மா வந்து, "கறுப்பு எண்டபடியாத்தானே என்ரை பிள்ளையைப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டு அழுதுவிட்டுப் போனார். தளபதி கொச்சைத் தமிழ் பேசும்போதெல்லாம் ஒத்திகையில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு பூச்சையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊரில் நிறம் ஓர் ஏச்சாக இருக்கிறது. கரி பூசிய முகம் மேடைக்கு வந்ததும் சபை சிரிக்கும். மறுநாள் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளைக்கு அது பட்டப்பெயராகும். வெள்ளைப் பூச்சிலும் கோளாறு உண்டு. வெளிச்சத்தின் கீழ் கால் மணி நேரம் வியர்த்தால் கழுத்துப் பக்கம் கோடு கோடாக வழியும். பயங்கரமாகத் தெரியவேண்டிய தளபதி கோமாளியாகிவிடுவான்.

அதிகாரத்தைக் காட்ட நிறம் தேவையில்லை. யார் இருக்கிறார், யார் நிற்கிறார் என்பதே போதும். கதிரை, மேசை, சப்பாத்து, களிசான் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்களில் இருந்து நம் வாய்க்கு வந்தவை. அவற்றில் இரண்டை வைத்தே நாடகத்தை நடத்தலாம். முதற்காட்சியில் மேடையில் கதிரை இல்லை. உள்ளூர்ப் பெரியவர்கள் திண்ணையில் இருக்கிறார்கள், மற்றவர்கள் முற்றத்தில் நிற்கிறார்கள். இரண்டாம் காட்சியில் ஒரு சிப்பாய் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து நடுவில் வைக்கட்டும். அதன்பிறகு தளபதியைத் தவிர வேறு யாரும் அதில் இருக்கக்கூடாது. திண்ணையில் இருந்தவர்களும் எழும்பி நிற்கவேண்டிவரும். சபைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சப்பாத்துத் தளபதிக்கு மட்டும். மற்ற எல்லோரும் வெறுங்கால். பாடசாலைச் சப்பாத்தின் றப்பர் அடி சத்தம் போடாது. லாடம் அடித்தால் சீமெந்துத் தரையில் வழுக்கும். ஆகவே கால்சத்தத்தை ஒரு பிள்ளை இரண்டு மரக்கட்டைகளைத் தட்டிக் கொடுக்கட்டும். திரைக்குப் பின்னால் இருந்து தட்டினால் அடியும் காலும் பிசகும். தளபதியின் பாதம் கண்ணுக்குத் தெரியும்படி மேடையின் பக்கவாட்டில், மத்தளக்காரருக்கு அருகில் அந்தப் பிள்ளையை இருத்துங்கள். தளபதி மேடையில் இல்லாத காட்சியிலும் ஒருமுறை அந்தக் கட்டை தட்டப்படட்டும். பேசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று அடங்கட்டும்.

உடையில் ஒரு கழுத்துப் பட்டி போதும். 3 மீற்றர் நீளம், 12 சென்ரிமீற்றர் அகலத்தில் பழைய வெள்ளை வேட்டித் துணி. 4 சென்ரிமீற்றர் ஆழமாக மடிப்பு வைத்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் 8 சென்ரிமீற்றர் துணி போகும். ஏறக்குறைய 37 மடிப்பு வரும். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு மடிப்பாக நாடாவில் வைத்துத் தைத்தால் பிள்ளையின் கழுத்துக்கு அளவாக இருக்கும். பின்பக்கம் நாடாவால் கட்டுங்கள். பொத்தான் வைத்தால் ஆள் மாறும்போது பொருந்தாது. கஞ்சி தடிப்பாகப் போட்டு, நாடக நாளன்று காலையிலேயே அழுத்துங்கள். முதல்நாள் போட்டால் இரவு ஈரலிப்பில் தொய்ந்துவிடும். முக்கோணத் தொப்பியும் சிவப்புக் கோட்டும் வேண்டாம். அவை பிற்காலத்தவை. பின்திரையில் ஐங்கோணக் கோட்டை வரைந்திருந்தால் அதையும் அழியுங்கள். அந்த வடிவம் 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் கட்டியது. போர்த்துக்கேயரின் கோட்டை நாற்கோணம்.

இனி அந்தச் சிப்பாய். ஆபிரிக்கர்களைப் போர்த்துக்கேயர் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் ஆங்கிலேயரும் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தோர் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இருக்கிறார்கள். மாஞ்சா என்ற அவர்களின் பாட்டும் ஆட்டமும் பேர்போனவை. ஆகவே உங்கள் மேடையில் நிற்பது இந்த நாட்டில் உறவினர் இருக்கும் ஒரு மனிதர். அவரைத் தளபதிக்குப் பின்னால் ஈட்டியோடு நிற்கும் தூணாக விடாதீர்கள். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித் தளபதி கூப்பிடுகிறான். அவர் போகிறார். போகும் வழியில் சபையைப் பார்த்து ஒரே ஒரு வரி: "என்ரை தாய் வைச்ச பேர் இதில்லை." அதற்குமேல் எதுவும் வேண்டாம். காப்பிரி என்ற சொல் பாத்திரத்தின் வாயில் வரலாம். எடுத்துரைஞர் 'ஆபிரிக்கச் சிப்பாய்' என்றே சொல்லட்டும். பறங்கி என்ற சொல்லுக்கும் இதே விதிதான்: பாத்திரம் சொல்லலாம், எடுத்துரைஞர் 'போர்த்துக்கேயர்' என்பார். பறங்கியர் என்பது இன்று ஒரு சமூகத்தின் பெயர்.

படை முழுவதும் வெள்ளையர் என்ற எண்ணத்தையும் கைவிடுங்கள். போர்த்துக்கேயப் படைகளில் பெரும்பகுதி லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ச் சிப்பாய்கள். ஆறு பேர் அணிவகுத்து வந்தால் நாலு பேர் நம்மவர்களைப் போலவே இருக்கட்டும். அந்த நாலு பேரைப் பார்த்துச் சபை கொஞ்சம் கலங்கினால் நல்லது.

கொச்சைத் தமிழை எடுத்துவிடுங்கள். அது சபைக்குப் பொய்யான வெற்றியைக் கொடுக்கிறது: எங்களை ஆண்டவன் பேசத் தெரியாத மடையன் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். தளபதி சுத்தமான எழுத்துத்தமிழ் பேசட்டும், மேடையில் அதுவே அவனுடைய போர்த்துக்கேய மொழி; ஊரவர் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழ். இரண்டுக்கும் நடுவில் ஒரு துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர். தளபதி, "நெல்லில் பாதியை எடுங்கள், எதிர்ப்பவனைக் கட்டுங்கள்" என்கிறான். துபாசி ஊரவர் பக்கம் திரும்பி, "ஐயா கொஞ்ச நெல்லுத்தான் கேக்கிறார்" என்கிறார். சபைக்கு இரண்டும் விளங்கும், ஊரவருக்கு ஒன்றுதான் விளங்கும். நாடகத்தில் ஆகக் கெட்டித்தனம் வேண்டிய வேடம் இந்தத் துபாசிதான். உங்களிடம் உள்ள மிகச் சிறந்த நடிகருக்கு அதைக் கொடுங்கள்.

முற்றத்தில் நின்றவர்களை மறந்துவிடாதீர்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து முடித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இருந்தன. அந்த அடிமைகளை வைத்திருந்தவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். எந்தச் சாதிப் பெயரையும் மேடையில் சொல்லவேண்டாம். ஒரு பிள்ளை தொடக்கத்திலிருந்து கடைசிவரை முற்றத்திலேயே நிற்கட்டும். யாழ்ப்பாணத்தின் கடைசி அரசனான சங்கிலி பிடிபட்டு, 1623இல் கோவாவில் மரணதண்டனை பெற்றதை எடுத்துரைஞர் சொல்லும்போது எல்லோரும் துக்கத்தில் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மட்டும் இன்னும் நிற்கிறது.

துவக்குச் சத்தத்துக்குச் சீனவெடி வேண்டவே வேண்டாம். சபையில் இருக்கும் அம்மாமாருக்கும் அப்புமாருக்கும் அது 1619 அல்ல. மத்தளத்தில் ஓரடி, பிறகு நாலு விநாடி மௌனம்.

வேடங்களை மறுபடி பிரியுங்கள். தளபதி, ஆபிரிக்கச் சிப்பாய், துபாசி ஆகிய மூன்று வேடங்களின் மும்மூன்று வரிகளைத் தாளில் எழுதி, 16 பேரையும் மூன்றையும் வாசிக்கவிடுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் முதுகைக் காட்டி இருந்து குரலை மட்டும் கேட்டுப் புள்ளி போடுங்கள். அது முடிந்த அன்றே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். பூச்சை நிறுத்தியதையும், பிள்ளைக்கு எந்த வேடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லி, முதலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளை தளபதியாக வந்திருந்தால் கழுத்துப் பட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். கழுத்தளவு எடுக்க வேண்டும்.