எனக்கு மட்டும் ஏன் 20 நாளில் நின்றுபோகிறது?

உடற்பயிற்சியைத் தொடர முடியவில்லை என்று வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். எழுதிய ஐந்து பேரில் நான்கு பேர் தங்களையே குறை சொல்லியிருக்கிறார்கள். மீதி ஒருவர் மகனைச் சொல்லியிருக்கிறார்.

ஜிம்முக்கு மூன்று தடவை வருடக் கட்டணம் கட்டினேன். ஒரு தடவைகூட 20 நாளைத் தாண்டவில்லை. நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று நினைப்பேன், அப்படியே போய்விடும். ஆன்லைனில் குணம் பார்க்கும் டெஸ்ட் எழுதினேன், ஐ.என்.எஃப்.பி. என்று வந்தது. இந்த வகைக்கு எந்தப் பயிற்சி ஒத்துவரும்? (வாசகர், பாளையங்கோட்டை)

முதலில் அந்த நாலு எழுத்தை, நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், சவத்தைத் தள்ளுங்கள். அமெரிக்காவில் காத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உண்டாக்கிய முறை அது. மனிதர்களை 16 பெட்டிக்குள் போட்டுவிடும். கொஞ்ச நாள் கழித்து அதே டெஸ்டை எழுதினால் பலருக்கு வேறு பெட்டி வரும்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது ஐந்து குணக்கூறுகளை: ஒழுங்குணர்வு, ஆட்களோடு கலக்கும் புறமுகத் தன்மை, பதற்றம், இணங்கிப் போவது, புதியதில் நாட்டம். உயரம், எடை மாதிரி இவை எல்லாரிடமும் கூடக்குறைய இருக்கும். ஒழுங்குணர்வும் புறமுகத் தன்மையும் கூடியவர்கள் கொஞ்சம் அதிகமாகவே உடலை அசைக்கிறார்கள். பதற்றம் கூடியவர்கள் கொஞ்சம் குறைவு. அந்தக் ‘கொஞ்சம்’ முக்கியம். இதை ஜாதகமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் குத்தியது ‘நேரம் கிடைக்கும்போது’ என்ற வார்த்தைதான். ஒழுங்குணர்வு கூடியவருக்கு மண்டைக்குள்ளேயே ஒரு டைம்டேபிள் ஓடும். நமக்கெல்லாம் (நானும் உங்கள் கட்சிதான்) அதைக் காகிதத்தில் எழுதினால்தான் உண்டு. 2002இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இதயநோய் வரும் என்று படிக்கக் கொடுத்த குழுவில் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம். அது எதுவும் படிக்காத குழுவில் 38. அதைப் படித்ததோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று தன் கையால் எழுதியும் கொடுத்த குழுவில் 91. பயமுறுத்தல் மட்டும் தனியாக ஒன்றையும் சாதிக்கவில்லை.

ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘திங்கள், புதன், வெள்ளி காலை பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்ததும் ஷூ போட்டுக்கொண்டு வ.உ.சி. மைதானம்.’ ஷூ இருக்க வேண்டிய இடம் பால் பை தொங்கும் கதவுக்குப் பக்கத்தில். அலமாரிக்குள் போனால் கதை முடிந்தது. அப்புறம், ஜிம்முக்கே போவதென்றால் இனி மாதாமாதம் கட்டுங்கள்.

பீடி சுற்றுகிறேன். இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று டாக்டரிடம் போனதற்கு நடக்கச் சொன்னார். தெருவில் இறங்கினால் ‘எக்கா, எங்க போறிய?’ என்று நாலு பேர் கேட்கிறார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரண்டே நாளில் விட்டுவிட்டேன். எனக்கு மனத்திடம் பற்றாதோ? (வாசகி, முக்கூடல்)

நாள் முழுக்க பீடித் தட்டை மடியில் வைத்து, தலை நிமிராமல் கணக்கை முடிக்கிறவருக்கு மனத்திடம் பற்றாது என்று எவர் சொன்னார்?

நம் பக்கத்தில் ‘எங்க போறிய?’ என்பது பாதி வணக்கம். ‘இந்தா, இங்ஙன வரைக்கும்’ என்றால் போதும், கேட்டவரும் பதிலுக்காக நிற்க மாட்டார். ஆனால் இதைச் சொல்வதால் மட்டும் கூச்சம் போய்விடாது என்பதும் தெரியும். பிறர் பார்வை பட்டாலே உடம்பு கூசுகிறவர்கள் வீட்டுக்குள் ஆரம்பிப்பதில் ஒரு தப்பும் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே சைக்கிள் மிதிப்பதும் தசைப் பயிற்சியுமாக 8 வாரம் செய்யவைத்தார்கள். பதற்ற சுபாவம் உள்ளவர்களுக்குத் தனியாக, இடையிடையே நிறுத்திச் செய்வது பிடித்திருந்தது. மன அழுத்தம் நன்றாகக் குறைந்ததும் அவர்களுக்குத்தான்.

ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடமாவது சேர்ந்தால் நல்லது. அது சில்லறையாகச் சேர்ந்தாலும் சரி. ஒவ்வொரு கட்டும் போட்டு முடித்ததும் தட்டை இறக்கி வையுங்கள். கையைச் சுவரில் ஊன்றி முதுகை நிமிர்த்துங்கள், அடுப்படிக்கும் வாசலுக்கும் பைய நாலு நடை நடங்கள். சாயங்காலம் மொட்டை மாடி. கால் மரத்துப்போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

11 வருடமாக அதிகாலை 5 மணிக்கு ஆற்றங்கரை வரை நடந்து, குளித்துவிட்டு வருகிறேன். இப்போது முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் மகனால் ஒரு வாரம்கூடத் தொடர முடியவில்லை. சோம்பேறித்தனம்தானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பெருமையில் பாதியைத் தாமிரபரணிக்குக் கொடுங்கள். குளிக்கப் போகிற வழியில் நடை தானாக நடந்துவிடுகிறது. மணியும் மாறாது, இடமும் மாறாது. மகனுக்கு வாரம் ஒரு ஷிஃப்ட். காலை 5 மணி என்பது ஒரு வாரம் விடியல், இன்னொரு வாரம் பாதித் தூக்கம். ‘வேலை முடிந்து வந்ததும், சட்டை மாற்றுவதற்கு முன்’ என்று அவர் வைத்துக்கொண்டால் எந்த ஷிஃப்டிலும் நிற்கும்.

ஒழுங்குணர்வு கூடிய உங்களைப் போன்றவர்களுக்கு ஆரம்பிப்பது எளிது, நிறுத்துவதுதான் கஷ்டம். 5 மணியை விடாதீர்கள். முழங்காலை டாக்டரிடம் காட்டி என்னவென்று தெரிந்துகொள்ளும்வரை நடையைக் குறைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியைச் செய்யுங்கள்.

நண்பர்களோடு ராத்திரி ஷட்டில் ஆடுவேன். அவர்கள் வராவிட்டால் எனக்கும் ஓடாது. தனியாகச் செய்யப் பழகுவது எப்படி? (வாசகர், வண்ணார்பேட்டை)

எதற்குப் பழக வேண்டும்? உங்களுக்கு ஆட்டத்தைவிட ஆட்கள் முக்கியம். நாலு பேர் இருக்கும் குழுவை எட்டுப் பேர் ஆக்குங்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். மழை வந்தாலோ, குற்றாலம் சீசனுக்கு விருந்தாட்கள் வந்தாலோ விட்டுப்போகிறது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா? (வாசகி, தென்காசி)

21 என்று யூடியூப் சொல்கிறது, ஒரு மண்டலம் 48 என்று வைத்தியர் சொல்கிறார். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில் நடுவாக வந்த எண் 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை போனது. தண்ணீர் குடிப்பது போன்ற பழக்கங்களைவிட உடற்பயிற்சி மெதுவாகத்தான் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. எனவே ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம், விட்ட இடத்திலிருந்து எண்ணுங்கள்.

மழைக்கு இப்போதே ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘மழை பெய்தால் மாடிப்படியில் 10 தடவை ஏறி இறங்குவேன்.’ சீசனுக்கு விருந்தாட்களை அருவிக்குக் கூட்டிப்போகும்போது காரைத் தள்ளி நிறுத்திவிட்டு எல்லாரையும் நடத்திக் கூட்டிப்போங்கள். பக்கத்தில் நிறுத்த எப்படியும் இடம் கிடைக்கப்போவதில்லை.