முன்பு இருந்தவரிடம் கேளுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தெஹிவளையில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் பட்டம் முடித்து, இரண்டு வருடமாக ஒரு தனியார் நிலையத்தில் படிப்பிக்கிறேன். ஒன்லைனில் ஆங்கிலம் படிப்பிப்பதற்கான 120 மணித்தியால டெஃபல் சான்றிதழும் எடுத்தேன். இப்போது வியட்நாமில், ஹனோயில் ஒரு மொழிப் பள்ளி வேலை தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. தாய்லாந்துக்கு ஒரு ஏஜென்சியும் கேட்கிறது. பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று பாஸ்போட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல பள்ளி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய பெயர் உள்ள இடம்தான் பாதுகாப்பா? என் உச்சரிப்பைப் பற்றியும் கவலை. நிறையக் கேள்வி கேட்டால் "இந்தப் பிள்ளை சரிவராது" என்று விட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

பாஸ்போட்டை நாளைக் காலையே போய் வாங்குங்கள். அம்மாவையோ அண்ணாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை அதற்குப் பிறகு வாசித்தாலும் பரவாயில்லை. பார்ப்பதற்கு ஒரு போட்டோக் கொப்பி போதும், புத்தகம் எதற்கு அவர்களுக்கு? தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் நம் நாட்டுப் பிள்ளைகளை அடைத்துவைத்த செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். பட்டம் எடுத்த பிள்ளைக்கு இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்?

உச்சரிப்புக் கவலையை விடுங்கள். சான்றிதழைப் பற்றியும் இப்போது பேச வேண்டாம். ஒன்று மட்டும்: நாளைக்கு யாராவது தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று வந்தால் கதவைச் சாத்துங்கள். அங்கே மொழிப் பள்ளிகளில் படிப்பிப்பதற்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா நாட்டவருக்குத்தான். இலங்கைப் பாஸ்போட்டுக்கு அது கிடைக்காது.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே அதே விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நம் பிள்ளைகள் நேர்முகத்துக்குப் பரீட்சைக்குப் போவது போலப் போகிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு எழும்பி வருகிறார்கள். தாங்களும் அந்த இடத்தை எடைபோட வந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

என் முதல் வேலை வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆங்கில வகுப்பு நிலையத்தில். முதல் நாள் வரவு இடாப்பைக் கையில் தந்தார்கள். பெயர் கூப்பிடத் திறந்தால், முன்பக்கங்களில் தவணைக்குத் தவணை வேறு வேறு கையெழுத்து. ஒன்று பச்சை மையில் சரிந்த எழுத்து. இன்னொன்று ஒவ்வொரு பெயருக்கும் அடியில் ரூலர் வைத்துக் கோடு கீறியிருந்த கவனமான எழுத்து. அது ஒரு மாதத்தின் நடுவில், செவ்வாய்க்கிழமையோடு நின்றிருந்தது. புதனிலிருந்து முதலாளியின் கிறுக்கல். அந்த ஆசிரியைக்கு என்ன ஆனது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "மிஸ் பிறகு வரேல்ல" என்றார்கள்.

பிறகு ஒரு நாள் பம்பலப்பிட்டியில் 100 பஸ்ஸுக்கு நிற்கும்போது, மாணவி ஒருத்தியின் அம்மா அந்த ஆசிரியையை எனக்கு அறிமுகப்படுத்தினார். பஸ் வருவதற்குள் ஆசிரியை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். சம்பளம் மாதக் கடைசி என்பார்கள், அடுத்த மாதம் பதினைந்துக்குத்தான் வரும். வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை நின்றால் அந்தப் பிள்ளையின் பங்கை எங்களிடம் கழிப்பார்கள். நியமனக் கடிதம் கேட்டால் "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்பார்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அப்போது எனக்கு நடந்துகொண்டிருந்தது. வேலையில் சேருவதற்கு முன்பு அவரைச் சந்திக்க எனக்கு வழி இருக்கவில்லையே என்ற கோபம் இன்றும் ஆறவில்லை.

ஆகவே ஹனோய்க்காரர்களிடம் கேளுங்கள்: இந்த இடத்தில் எனக்கு முன்பு இருந்தவர் யார், அவரோடு பேசலாமா? பெரும்பாலும் அவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு ஆசிரியரின் தொடர்பைத்தான் தருவார்கள். சரி, அவரோடும் பேசுங்கள். ஆனால் "பள்ளி நல்லதா" என்று கேட்காதீர்கள். போன மாதச் சம்பளம் எத்தனையாம் திகதி வந்தது என்று கேளுங்கள். வகுப்பு 20 மணித்தியாலம் என்றால் கட்டடத்துக்குள் இருக்க வேண்டியது எத்தனை மணித்தியாலம், அதற்குக் காசு உண்டா என்று கேளுங்கள். அங்கே மொழி நிலையங்களில் பின்னேரமும் சனி ஞாயிறும்தான் வகுப்பு மும்முரம், அப்படியானால் ஓய்வு நாள் எது? வருடம் முடிக்காமல் போனவர்கள் யார் யார்? அவர்களில் ஒருவரின் பெயரையாவது வாங்கிக்கொண்டு, அவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். "நல்ல பள்ளி" என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். திகதியையும் மணித்தியாலத்தையும் பிடித்துக் கேட்டால் மழுப்புவது கஷ்டம்.

பெரிய பெயர் என்றீர்கள். நோவா என்பது ஜப்பானிலேயே மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளி நிறுவனமாக இருந்தது. 2007 ஒக்டோபரில் கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். வாடகை என்று சம்பளத்தில் கழித்த காசைக்கூட நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டிருந்ததால், பலரை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். கவிழ்வதற்கு முன்பே சம்பளம் பிந்தத் தொடங்கியிருந்தது. பெயர்ப்பலகையை நம்பி அந்த நேரம் விமானம் ஏறியவருக்கு அது தெரிய வழியில்லை. உள்ளே இருந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்.

விசா விஷயம் சுருக்கமாக. வியட்நாமில் வேலை அனுமதிக்குப் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான உங்கள் பட்டச் சான்றிதழை இங்கே வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, கொழும்பிலுள்ள வியட்நாம் தூதரகத்திலும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இங்கே இருக்கும்போதே முடிக்கிற வேலை இது. "முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

கேட்டால் விட்டுவிடுவார்களோ? விடட்டும் பிள்ளை. சம்பளத் திகதியைக் கேட்டதற்காக ஒரு பள்ளி உங்களை வேண்டாம் என்றால், பிளேன் டிக்கெட் காசு மிச்சம்.

இந்தப் பயம் ஹனோயில் தொடங்கியதல்ல என்றும் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் படிப்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள், நியமனக் கடிதம் பற்றி ஒரு சொல் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். இது சட்டம். கட்டுகிறார்களா? இந்த மாதமே கேளுங்கள். குரல் நடுங்கினாலும் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் போன பிறகு உங்கள் வகுப்புக்கு வேறொரு பிள்ளை வருவாள். அவளிடம் கொடுக்கச் சொல்லி, உங்கள் வட்ஸ்அப் இலக்கத்தைக் கந்தோரில் இருக்கிறவர்களில் நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.